கடிகாரம் குறைத்துக் காட்டினால் கலங்கலாமா?



கையில் கட்டும் கடிகாரம் மணி காட்டுவதற்கு மட்டும் என்றிருந்த காலம் போய்விட்டது. இன்று அது நீங்கள் எத்தனை அடி நடந்தீர்கள், நாடி எத்தனை முறை துடித்தது, இரவில் எத்தனை மணி நேரம் உறங்கினீர்கள் என்று கணக்குச் சொல்கிறது. போதாததற்கு, "இன்று இத்தனை கலோரி எரித்தீர்கள்" என்றும் ஓர் எண்ணைக் காட்டுகிறது. கிள்ளான் கடைத்தெருவிலும் இரவுச் சந்தையிலும் குறைந்த விலைக்கே இத்தகைய கடிகாரங்கள் கிடைக்கின்றன. வேலைக்குப் போகும் பிள்ளைகள் ஆசையாக ஒன்று வாங்கி, "அம்மா, இதைக் கட்டிக்கொண்டு நடங்கள்" என்று தாயின் கையில் மாட்டி விடுகிறார்கள். நல்ல காரியந்தான். மனிதன் நடக்க வேண்டும். அதற்கு ஒரு தூண்டுகோல் கிடைத்தால் சந்தோஷமே.

ஆனால் சில மாதங்கள் சென்றதும் ஒரு குழப்பம் வருகிறது. பாதை அதேதான். நேரமும் அதே அரைமணிதான். ஆனால் முதல் மாதம் 230 கலோரி என்று காட்டிய கடிகாரம், நான்காம் மாதத்தில் 170 என்று காட்டுகிறது! "கடிகாரம் கெட்டுவிட்டதோ?" என்று சிலர் கடைக்குத் திருப்பிக் கொண்டு போகிறார்கள். "உடம்பு பழகிவிட்டது, இனி நடந்து பயனில்லை" என்று சிலர் நடையையே நிறுத்திவிடுகிறார்கள். வேறு சிலர், பழைய எண்ணைத் திரும்பக் கொண்டுவந்தே தீருவது என்று உச்சி வெயிலில் மூச்சிரைக்க ஓடுகிறார்கள். முதல் வகையினருக்குக் காசு நட்டம். மற்ற இரு வகையினருக்கும் உடம்புக்கே கேடு. ஆகவேதான் இம்மாதப் பகுதியில் இந்த ஒரு விஷயத்தை விளக்கமாகப் பார்க்க நினைக்கிறேன்.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எண் குறைந்தது உங்கள் உழைப்பு வீணானதால் அன்று. உங்கள் இதயம் பலமடைந்திருக்கிறது என்பதற்கு அது ஓர் அத்தாட்சி. எப்படி என்று பார்ப்போம்.

கலோரி என்பது என்ன?

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு பாகை செல்சியஸ் சூடாக்க எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அதுவே உணவுக் கணக்கில் நாம் சொல்லும் ஒரு கலோரி. அடுப்பில் விறகு எரிவதற்குக் காற்று வேண்டும். அதுபோலவே நம் தசைகளில் சர்க்கரையும் கொழுப்பும் எரிவதற்கு மூச்சுக் காற்றிலுள்ள பிராணவாயு வேண்டும். ஒரு லிட்டர் பிராணவாயு உடம்பில் செலவானால், ஏறக்குறைய 5 கலோரி எரிந்திருக்கிறது என்று பொருள். ஆய்வுக்கூடங்களில் முகத்தில் மூடி மாட்டி, உள்ளே போகும் காற்றையும் வெளியே வரும் காற்றையும் அளந்து இந்தக் கணக்கைப் போடுகிறார்கள். மெய்யான கணக்கு அதுதான்.

கையிலுள்ள கடிகாரத்துக்கு மூக்கும் இல்லை, மூடியும் இல்லை. அதன் அடிப்பாகத்தில் பச்சை விளக்கு ஒன்று மின்னும். தோலுக்குக் கீழே ஓடும் இரத்தத்தில் அந்த ஒளி பட்டுத் திரும்புவதைக் கொண்டு அது நாடித்துடிப்பை எண்ணுகிறது. பிறகு உங்கள் வயது, எடை, ஆணா பெண்ணா என்ற விவரங்களையும் சேர்த்து, "இத்தனை துடிப்பு என்றால் இத்தனை கலோரி" என்று ஒரு வாய்பாட்டின்படி ஊகம் செய்கிறது. நடையின் வேகத்தையும் கையின் அசைவையும் சேர்த்துக் கணக்கிடும் கடிகாரங்களும் உண்டு. எப்படியிருந்தாலும், நீங்கள் காண்பது அளந்த எண் அன்று, ஊகித்த எண்.

எடை போடாத கிராணி

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். பால்மரம் வெட்டியவர்கள் மங்குகளிலிருந்து பாலைச் சேர்த்து, வாளிகளில் ஊற்றி, காண்டாக் கம்பில் மாட்டித் தூக்கிக்கொண்டு பால் கொட்டகைக்கு வருவார்கள். அங்கே கிராணி பாலை நிறுத்துப் பார்த்து எழுதுவார். அதுதான் முறை.

ஒரு பேச்சுக்கு, அங்கே எடை போடாத ஒரு கிராணி இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் வாசலில் உட்கார்ந்து, "யார் எத்தனை நடை வந்தார்கள்" என்று மட்டும் எண்ணுகிறார். சிறிய வாளியோடு வருபவர் பத்து நடை நடக்கிறார். பெரிய வாளி வைத்திருப்பவர் அதே அளவு பாலை ஏழே நடையில் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறார். கிராணியின் நோட்டுப் புத்தகத்தில் முதலாமவருக்குப் பத்து, இரண்டாமவருக்கு ஏழு! கொட்டகையில் சேர்ந்த பாலோ இருவருக்கும் ஒரே அளவுதான்.

உங்கள் கைக்கடிகாரம் அந்தக் கிராணிதான். இதயம்தான் வாளி. பயிற்சி இல்லாத இதயம் சிறிய வாளி. ஒரு துடிப்புக்குக் கொஞ்சம் இரத்தத்தையே தள்ளும். தசைகள் கேட்கும் பிராணவாயுவைக் கொண்டுபோய்ச் சேர்க்க அது பல முறை துடிக்க வேண்டும். சில வாரங்கள் தொடர்ந்து நடந்தால் உடம்பில் இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது. இதய அறை நன்றாக நிரம்புகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் அதிக இரத்தம் வெளியேறுகிறது. தசைகளிலும் மெல்லிய இரத்த நாளங்கள் கூடி, வந்த இரத்தத்திலிருந்து பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும் திறமையும் வளர்கிறது. ஆகவே அதே வேலைக்குக் குறைந்த துடிப்பே போதுமானதாகிறது. நடை குறைந்ததைக் கண்ட கிராணி, பால் குறைந்துவிட்டது என்று எழுதிவிடுகிறார்!

கணக்குப் போட்டே பார்ப்போம்

வெறும் உவமையோடு விட்டால் சிலருக்குத் திருப்தி வராது. ஆகவே கணக்காகவே பார்ப்போம்.

45 வயதுடைய பெண்மணி ஒருவர். எடை 70 கிலோ. தினமும் காலையில் சமதரையில் அரைமணி நேரத்தில் இரண்டரை கிலோமீட்டர் நடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் நடக்கும்போது அவருடைய நாடி நிமிடத்துக்கு 130. நான்காம் மாதத்தில் அதே நடைக்கு 112.

நாடித்துடிப்பிலிருந்து கலோரியைக் கணிக்கும் வாய்பாடு ஒன்றைத் தென்னாப்பிரிக்க ஆராய்ச்சியாளர்கள் 2005-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். அதில் இந்தப் பெண்மணியின் விவரங்களைப் போட்டுப் பார்த்தால், 130 துடிப்பில் அரைமணிக்கு ஏறக்குறைய 231 கலோரி வருகிறது. 112 துடிப்பில் 173 வருகிறது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு வாய்பாடு வைத்திருந்தாலும், இந்தப் போக்கு பொதுவானது. ஆக, 58 கலோரி காணாமல் போய்விட்டது!

உண்மையில் போய்விட்டதா? மூச்சுக் காற்றின் கணக்கைப் பார்ப்போம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் சமதரையில் நடந்தால், நிமிடத்துக்கு ஏறக்குறைய 0.8 லிட்டர் பிராணவாயு செலவாகும். அதாவது நிமிடத்துக்கு 4 கலோரிக்குச் சற்று மேல். அரைமணிக்கு 125-க்குப் பக்கத்தில். முதல் மாதமும் இதுதான், நான்காம் மாதமும் கிட்டத்தட்ட இதுதான். பழக்கத்தால் நடை சற்றுச் சீராகியிருக்கலாம். ஆனால் அதனால் மிச்சமாவது சொற்பமே.

இப்போது உண்மை விளங்குகிறதல்லவா? நான்காம் மாதத்தில் கடிகாரம் குறைத்துச் சொல்லிவிட்டது என்று நாம் வருந்துகிறோம். உண்மையில் முதல் மாதத்திலேயே அது கூட்டித்தான் சொல்லியிருக்கிறது! இதயம் பழக்கமில்லாமல் படபடத்ததை எல்லாம் அது உழைப்பென்று எண்ணிக்கொண்டது.

மெய்யாகவே செலவு குறையும் ஒரு சந்தர்ப்பமும் உண்டு. அது எடை குறையும்போது. 70 கிலோ இருந்தவர் 66 கிலோ ஆனால், தூக்கிக்கொண்டு நடக்கும் சுமை 4 கிலோ குறைகிறது. அதே நடைக்கு 125 செலவான இடத்தில் 117 ஆகும். எட்டு கலோரி வித்தியாசம். இதற்காக யாராவது அழுவார்களா? நாலு கிலோ அரிசி மூட்டையை இறக்கி வைத்தவர் மகிழத்தான் வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அதே பெண்மணி நான்காம் மாதத்தில் வேகத்தைக் கூட்டி, நாடியை மீண்டும் 130-க்குக் கொண்டுவந்தால், அரைமணியில் மூன்று கிலோமீட்டர் போய்விடுவார் என்று வைத்துக்கொள்வோம். உண்மைச் செலவு 140 கலோரியைத் தாண்டும். துடிப்பை மட்டும் பார்க்கும் கடிகாரமோ, முதல் மாதம் காட்டிய அதே 231-ஐத்தான் காட்டும். கூடுதலாக நடந்த அரை கிலோமீட்டர் அந்தக் கிராணியின் கண்ணில் படவே இல்லை!

பத்துமலைப் படிகள் மாறுவதில்லை

நம்மவர் யாவரும் அறிந்த இடம் பத்துமலை. 272 படிகள். வேண்டுதலுக்காக ஏறுகிறவர்களோடு, காலையில் உடற்பயிற்சிக்காக ஏறி இறங்குகிறவர்களையும் அங்கே காணலாம். முதல் நாள் ஏறியவர் பாதி வழியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, "முருகா!" என்று மூச்சு வாங்குவார். ஆறு மாதம் விடாமல் ஏறியவர் மேலே போய் நின்று சிரித்துப் பேசுவார்.

அவர் மாறினார், மலை மாறவில்லை. ஒரு படி அரை அடி உயரம் என்று வைத்தால், 272 படிக்கு 136 அடி. சுமார் 41 மீட்டர். 70 கிலோ உடம்பை அந்த உயரத்துக்குத் தூக்கத் தேவைப்படும் வேலை 7 கலோரிக்கும் சற்றுக் குறைவு. ஆனால் நம் தசைகள் எரிப்பதில் நாலில் ஒரு பங்குதான் வேலையாகிறது. மீதி மூன்று பங்கு சூடாக வெளியேறிவிடுகிறது. வியர்ப்பதற்குக் காரணமும் அதுவே. ஆகவே ஒரு முறை ஏறுவதற்கு ஏறக்குறைய 27 கலோரி செலவு. முதல் நாளும் 27, நூறாவது நாளும் 27. நெஞ்சு படபடத்தாலும் சரி, அமைதியாக இருந்தாலும் சரி, உடம்பை அந்த உயரத்துக்குத் தூக்கும் கூலி ஒன்றுதான்.

"இவ்வளவு கஷ்டப்பட்டு ஏறியதற்கு 27-தானா?" என்று உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். தே தாரிக்கில் விடுகிறோமே, டின்னில் வரும் இனிப்புக் கெட்டிப் பால், அதில் ஒரு மேசைக்கரண்டி 60 கலோரிக்கு மேல். இரண்டு முறை பத்துமலை ஏறினாலும் அந்த ஒரு கரண்டிக்குக் காணாது! இதைச் சொல்வது உங்களைத் தளர வைப்பதற்கு இல்லை. படியேறுவதன் பலன் கலோரிக் கணக்கில் இல்லை; இதயத்திலும் நுரையீரலிலும் காலின் தசையிலும் இருக்கிறது என்பதைக் காட்டவே சொன்னேன்.

நாடி ஏறும் வேறு காரணங்கள்

உழைப்பில்லாமலும் நாடி ஏறும். அப்போதும் இந்தக் கடிகாரம் ஏமாறும்.

உச்சி வெயிலில் நடந்தால், உடம்பைக் குளிர்விக்க இரத்தம் தோலுக்கு ஓட வேண்டும். இதயம் கூடுதலாகத் துடிக்கும். தண்ணீர் குடிக்காமல் நடந்தாலும் அப்படியே. கடுங்காப்பி, காய்ச்சல், தூக்கமின்மை, கவலை, கோபம் இவையெல்லாம் நாடியை ஏற்றும். ஆகவே காலை ஏழு மணிக்கு நடந்தவரைவிட நண்பகலில் நடந்தவருக்குக் கடிகாரம் அதிகக் கலோரி காட்டக்கூடும். அதை லாபம் என்று நினைத்து வெயிலில் போகாதீர்கள். அது வெயிலின் வேலை. கொழுப்பு கூடுதலாகக் கரைந்ததற்கு அடையாளம் அன்று. வெப்பத் தாக்கு உயிரையே குடிக்கக்கூடியது.

இதற்கு நேர் எதிரும் உண்டு. இரத்த அழுத்தத்துக்கும் இதய நோய்க்கும் கொடுக்கும் மாத்திரைகளில் சில, நாடித்துடிப்பை அடக்கி வைப்பவை. அட்டெனோலோல், மெட்டோப்ரோலோல், பிசோப்ரோலோல் என்று பெயர் எழுதியிருக்கும். இவற்றைச் சாப்பிடுகிறவர் எவ்வளவு வேகமாக நடந்தாலும் நாடி அதிகம் ஏறாது. கடிகாரமும் குறைவாகவே காட்டும். "எனக்கு மட்டும் கலோரி எரிய மாட்டேன் என்கிறதே" என்று இவர்கள் மனம் உடையக் கூடாது. எண்ணைக் கூட்டுவதற்காக மாத்திரையை நிறுத்தவும் கூடாது. மருந்தை மாற்றுவது மருத்துவரின் பொறுப்பு. இத்தகையவர்கள் நாடியை நம்பாமல் பேச்சை நம்பலாம். நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அதுவே மிதமான வேகம்.

ஆய்வு சொன்னது

இது என் சொந்தக் கருத்து மட்டும் இல்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 60 பேருக்கு ஏழு வகைக் கடிகாரங்களைக் கட்டி, நடக்கவும் ஓடவும் சைக்கிள் மிதிக்கவும் வைத்துச் சோதித்து, 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். நாடித்துடிப்பை எண்ணுவதில் ஏழில் ஆறு கடிகாரங்கள் தேறின. அவற்றின் பிழை 5 விழுக்காட்டுக்குள் இருந்தது. கலோரிக் கணக்கிலோ ஒன்றுகூடத் தேறவில்லை. இருப்பதில் நல்லதே சராசரி 27 விழுக்காடு பிசகியது. மோசமானது 93 விழுக்காடு பிசகியது!

நாம் குறித்துக்கொள்ள வேண்டிய இன்னொரு செய்தியும் அந்த ஆய்வில் உண்டு. தோலின் நிறம் கறுத்தவர்களுக்கும், உடல் பருத்தவர்களுக்கும் பிழை அதிகமாக இருந்தது. ஓட்டத்தையும் சைக்கிளையும்விட நடையில் பிழை கூடுதலாக இருந்தது. நம்மில் பலர் மாநிறமோ கறுப்போ உள்ளவர்கள். நாம் செய்யும் பயிற்சியும் பெரும்பாலும் நடைதான். கடிகாரங்கள் அதற்குப் பிறகு திருந்தி வருகின்றன என்றாலும், கலோரி எண்ணை வேதவாக்காகக் கொள்ளாதிருப்பதே நமக்கு நல்லது.

எண்ணைப் பார்த்து உண்ணாதீர்கள்

"இன்று 300 எரித்துவிட்டேன், ஒரு ரொட்டி சானாய் கூடுதலாகச் சாப்பிட்டால் என்ன?" என்று தோன்றுவது இயற்கை. கடிகாரம் 300 என்று சொன்ன இடத்தில் உண்மைச் செலவு 160 ஆக இருந்தால், சாப்பிட்ட ரொட்டி யார் கணக்கில் சேரும்? இடுப்புக் கணக்கில்தான்! ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் முன்னோர். அளக்கும் படியே ஓட்டையாக இருந்தால் அளந்து என்ன பயன்?

நம் சமூகத்துக்கு இது வெறும் வேடிக்கைப் பேச்சு இல்லை. இந்தியாவில், மேற்கு வங்காளத்துச் சணல் ஆலை ஒன்றில் 213 தொழிலாளர்களின் வேலையையும் உணவையும் எடையையும் ஆராய்ந்து, ஜான் மேயர் என்பவரும் அவருடைய குழுவினரும் 1956-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பாரம் தூக்கும் கடுமையான வேலைக்காரர்கள் அதிகம் சாப்பிட்டார்கள். ஆனால் உடம்பு பருக்கவில்லை. நடுத்தர வேலை செய்தவர்கள் அளவோடு சாப்பிட்டார்கள். உட்கார்ந்தே வேலை செய்தவர்களோ குறைவாகச் சாப்பிடவில்லை. கடும் உழைப்பாளிகளுக்குச் சமமாகச் சாப்பிட்டார்கள்! அவர்களே பருத்தும் இருந்தார்கள்.

நம் கதையும் இதுதானே! இருட்டு விலகுமுன் பிரட்டுக்குப் போய், ஒரு நாளைக்கு நானூறு ஐந்நூறு மரம் வெட்டி, வாளி தூக்கிய உடம்புக்கு ஒரு தட்டுச் சோறு தேவைப்பட்டது. தோட்டங்கள் விற்கப்பட்டு, செம்பனையும் வீடமைப்பும் வந்து, நாம் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் குடிபெயர்ந்தோம். தொழிற்சாலையில் நின்ற இடத்தில் வேலை. பாதுகாவலர் வேலையில் உட்கார்ந்த இடத்தில் பொழுது. உழைப்பு போய்விட்டது, தட்டு மட்டும் தோட்டத்துத் தட்டாகவே இருக்கிறது! நாட்டின் 2023-ஆம் ஆண்டுச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அளவுக்கு மிஞ்சிய எடை உள்ளவர்கள். ஆறில் ஒருவருக்கு இனிப்பு நீர். இந்த நிலையில் ஓர் ஊக எண்ணைச் சாக்காக வைத்துக்கொண்டு சாப்பாட்டைக் கூட்டுவதும், அதே எண் குறைந்தது என்று நடையை நிறுத்துவதும் இரண்டுமே நமக்குக் கட்டுப்படியாகாது.

சுகாதார அமைச்சு சொல்லும் "கால், கால், அரை" முறை சுலபமானது. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ முட்டையோ, பாதித் தட்டு காய்கறியும் பழமும். இதற்குக் கடிகாரம் வேண்டாம், கண் போதும்.

பின் எதைப் பார்ப்பது?

கடிகாரத்தைக் கழற்றி எறிய வேண்டியதில்லை. அது நன்றாகச் செய்யும் வேலையை அதனிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலாவது, நிமிடங்களைப் பாருங்கள். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வழிகாட்டியது. நாளுக்கு அரைமணி, வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் 150 வந்துவிடும். வாரத்தில் இரண்டு நாள் தசைக்குப் பலம் தரும் பயிற்சியும் வேண்டும். நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவதும், தண்ணீர் நிரப்பிய போத்தலைத் தூக்கி இறக்குவதும்கூடப் பயிற்சிதான்.

இரண்டாவது, மாதம் ஒரு முறை உங்களை நீங்களே சோதித்துப் பாருங்கள். கிள்ளானில் உள்ளவர் தம் தாமான் திடலைச் சுற்றலாம். பிரிக்பீல்ட்ஸில் உள்ளவர் தாசேக் பெர்டானா பூங்காவுக்குப் போகலாம். ஒரே பாதை, ஒரே நேரம், ஒரே வேகம். நடந்து முடித்ததும் நாடியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடம் நின்ற பிறகு மறுபடி குறியுங்கள். மாதம் செல்லச் செல்ல முதல் எண் இறங்கினால் இதயம் பலப்படுகிறது. ஒரு நிமிட ஓய்வில் நாடி முன்பைவிடச் சீக்கிரம் தணிந்தால் அதுவும் நல்ல அறிகுறி.

கடிகாரம் இல்லாதவர்கள் ஏங்க வேண்டாம். கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டின் மேல் இரண்டு விரலை வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து 15 விநாடிக்கு எண்ணி நாலால் பெருக்குங்கள். செலவில்லாத சோதனை! காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே எண்ணிப் பார்ப்பதும் நல்லது. ஓய்வில் 60 முதல் 100 வரை என்பது பொதுவான அளவு. 84 இருந்தவருக்குச் சில மாதத்தில் 74 ஆனால், இதயத்துக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 14,000 துடிப்பு மிச்சம். கடிகாரம் கணக்கில் குறைத்த அந்த 58 கலோரிக்கு ஈடாக எவ்வளவு பெரிய லாபம் பாருங்கள்!

மூன்றாவது, உண்மையிலேயே செலவைக் கூட்ட வேண்டுமானால், தூரத்தைக் கூட்டுங்கள், வேகத்தைக் கூட்டுங்கள், மேட்டுப் பாதையைத் தேர்ந்தெடுங்கள். இரண்டரை கிலோமீட்டர் எளிதாகிவிட்டதா? மூன்றாக்குங்கள். பலமடைந்த இதயம் உங்களுக்குக் கொடுத்த அனுமதி அது. முன்பு முடியாததை இப்போது முடித்துவிடலாம்.

நான்காவது, எடை குறைந்தால் கடிகாரத்தில் பதிந்திருக்கும் எடையை மாற்றுங்கள். பிள்ளைகளிடம் சொன்னால் ஒரு நிமிடத்தில் செய்து தருவார்கள்.

எச்சரிக்கைக்குச் சில வார்த்தைகள். நடக்கும்போது நெஞ்சில் வலியோ இறுக்கமோ, தாடைக்கும் இடது கைக்கும் பரவும் வலியோ, மயக்கமோ வந்தால் உடனே நின்றுவிடுங்கள்; தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். நாடி குறைந்து, கூடவே தலைசுற்றலும் அசதியும் இருந்தால், அது பயிற்சியால் வந்த பலம் என்று நீங்களாக முடிவு செய்யாமல் கிளினிக்கில் காட்டுங்கள். இனிப்பு நீருக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் நடக்கப் போகும்போது சட்டைப் பையில் ஒரு மிட்டாய் வைத்திருங்கள்; கை நடுங்கி வியர்த்தால் உதவும். பல ஆண்டுகள் உடற்பயிற்சியே இல்லாதவர்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு ஒரு நற்செய்தியும் உண்டு. நடக்கும் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துப் பயன்படுத்துகிறது. எடை ஒரு கிலோகூட இறங்காவிட்டாலும் இந்தப் பலன் உண்டு. சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் நடந்தாலும் சர்க்கரை ஏறும் வேகம் குறையும். எந்தக் கடிகாரத்தின் கலோரிக் கணக்கிலும் இது தெரியாது; கிளினிக்கில் விரலில் குத்திப் பார்க்கும்போது தெரியும்.

ஆகவே அன்பர்களே, மணிக்கட்டிலுள்ள எண் இறங்கினால் முகம் வாட வேண்டாம். அதே பாதையை இதயம் இலகுவாகக் கடந்து வருகிறது என்று எண்ணி, நாளைக் காலையும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். வீட்டில் உள்ளவர்களையும் ஒரு கை பிடித்து அழைத்துப் போங்கள்.

அடுத்த மாதம் வேறொரு விஷயத்தோடு சந்திப்போம். வணக்கம்.